வீட்டு முயல்: ஓர் அமானிதம்

முயல் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஆமையோடு ஓடித் தோற்ற முயலும், சித்திரப் புத்தகத்தில் கரட் கடிக்கும் முயலும்தான். இரண்டு வருடங்களுக்கு முன்பு வரை எனக்கும் அவ்வளவுதான் தெரியும். இப்போது எங்கள் வீட்டில் இரண்டு முயல்கள் எங்களோடு வாழ்கின்றன. முற்றத்துக் கூட்டில் அல்ல, வீட்டுக்குள்ளேதான். இரண்டையும் நாங்கள் காசு கொடுத்து வாங்கவில்லை. இரண்டுமே பிறர் வேண்டாம் என்று விட்டவை. அவற்றில் ஒன்றின் தலை எப்போதும் இடப்பக்கம் சாய்ந்தே இருக்கும்.

எங்கள் வீட்டுக்கு வரும் தோழியர் முயல்களைப் பார்த்ததும் "எனக்கும் ஒன்று வேண்டும்" என்பார்கள். அவர்களுக்குச் சொல்லும் விடயங்களையே இங்கு எழுதுகிறேன். வாசித்து முடித்த பின் சிலருக்கு ஆசை கூடலாம், சிலருக்குக் குறையலாம். இரண்டும் நல்லதே.

வந்து சேர்ந்த கதை

முதலில் வந்தவள் கருவா. கறுவாப் பட்டையின் நிறம் அவளுக்கு. அயல்வீட்டார் குடும்பத்தோடு கட்டார் புறப்பட்டபோது, அவர்களது மகள் அழுதுகொண்டே கூட்டோடு எங்களிடம் தந்துவிட்டுப் போனாள். "நல்லாப் பார்த்துக்குவீங்கதானே?" என்று மூன்று முறை கேட்டாள். அந்தக் கேள்விக்குத் தலையாட்டியபோது அது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பது எனக்குத் தெரியாது.

இரண்டாவது முயலை வாப்பா கொண்டுவந்தார். அவரது நண்பர் ஒருவர் இறைச்சிக்காக முயல் வளர்ப்பவர். ஒருநாள் காலையில் ஒரு முயலின் தலை திருகிக்கொண்டது. நிற்க முடியாமல் ஒரே பக்கமாகச் சுழன்று விழுந்தது. "அறுத்தாலும் சாப்பிட மனம் வராது, வீசத்தான் போகிறேன்" என்று அவர் சொல்ல, வாப்பா ஒரு காட்போட் பெட்டியில் அதை வைத்துக்கொண்டு வந்துவிட்டார். மூத்தம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "யா அல்லாஹ், இதென்ன மிஸ்கீன் போலக் கிடக்குது!" என்றார். அதுவே அவள் பெயராகிவிட்டது.

முயல் எப்படிப்பட்ட பிராணி?

முயலை எலி, அணில் இனத்தோடு சேர்த்துப் பேசுவது வழக்கம். அது தவறு. கொறித்துண்ணிகளுக்கு மேல்தாடையின் முன்புறத்தில் ஒரு சோடி வெட்டும் பற்களே உண்டு. முயலுக்கோ அவற்றின் பின்னால் இன்னொரு சிறிய சோடி ஒளிந்திருக்கும். ஆகவே விலங்கியலாளர் முயல்களை வேறொரு வருணத்தில் வைத்துள்ளனர்.

நம் நாட்டுப் பற்றைக்காடுகளில் ஓடும் காட்டு முயல் வேறு, வீட்டில் வளர்க்கும் முயல் வேறு. நம்முடையது லெப்பஸ் நைகிரிகொலிஸ். அதன் குட்டிகள் உடலில் முடியோடும் திறந்த கண்களோடும் பிறக்கும். வீட்டு முயலின் முன்னோர் ஸ்பெயின், போர்த்துக்கல் பகுதிகளில் வளை தோண்டி வாழ்ந்தவை. அவற்றின் விஞ்ஞானப் பெயர் ஒரிக்டோலாகஸ் குனிகுலஸ். இவற்றின் குட்டிகள் முடியின்றி, கண் மூடியபடி பிறக்கும். இரண்டும் ஒன்றோடொன்று இனம்பெருக்க மாட்டா. எனவே காட்டில் அகப்பட்ட முயல் குட்டியை வீட்டில் வளர்க்க நினைக்க வேண்டாம். அது பயத்திலேயே இறந்துவிடக்கூடும்.

வீட்டு முயல் நன்றாகப் பராமரிக்கப்பட்டால் 8 முதல் 12 வருடங்கள் வரை வாழும். தரம் 6இல் படிக்கும் ஒரு பிள்ளை இன்று ஒரு முயல் குட்டியை வாங்கினால், அவள் பல்கலைக்கழகம் போகும் காலத்திலும் அது உயிரோடிருக்கலாம். பெருநாள் பரிசாக முயல் கேட்கும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

முயலை வீட்டுக்குள்ளே சுதந்திரமாக உலவவிட்டு வளர்க்கும் முறை புதியதொன்றல்ல. அமெரிக்காவில் மரினெல் ஹரிமன் என்ற பெண்மணி 1985இல் இதற்கென ஒரு கைந்நூலை வெளியிட்டார். 1988இல் கலிபோர்னியாவில் வீட்டு முயல்களுக்கான சங்கமும் தொடங்கப்பட்டது. கைவிடப்பட்ட முயல்களை மீட்டு, பொறுப்பான வீடுகளில் சேர்ப்பது அச்சங்கத்தின் பணி.

உணவு: கரட் அல்ல, புல்

முயலின் உணவில் ஆகப் பெரும் பங்கு புல்லாக இருக்க வேண்டும். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று பல். முயலின் 28 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பற்கள் வாரத்துக்குச் சுமார் 2 மில்லிமீற்றர் வளரும். புல்லை நீண்ட நேரம் அரைத்து அரைத்துத் தின்னும்போதுதான் பற்கள் தேய்ந்து அளவாக இருக்கும். மற்றது குடல். நார்ப்பொருள் தொடர்ந்து உள்ளே போனால்தான் முயலின் குடல் அசைந்துகொண்டிருக்கும்.

வெளிநாட்டு உலர்புல் பெரிய நகரங்களில் கிடைக்கிறது, ஆனால் விலை அதிகம். நாங்கள் கினிப் புல்லை வெட்டிக் கழுவி, பச்சையாகவும் நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்தியும் கொடுக்கிறோம். வீதியோரப் புல்லையும் களைநாசினி தெளித்த வயலோரப் புல்லையும் எடுப்பதில்லை. வெட்டிக் குவித்து, சூடேறி மணக்கத் தொடங்கிய புல்லும் கூடாது.

புல்லுக்கு மேலதிகமாக வல்லாரை, கொத்தமல்லி இலை, கரட் இலை, செவ்வரத்தை இலை போன்றவற்றை மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். கரட் கிழங்கும் வாழைப்பழமும் இனிப்புப் பண்டம் போன்றவை. விரல் நுனியளவு துண்டு போதும். கோவா அதிகம் கொடுத்தால் வயிறு ஊதும். சோறு, பாண், பிஸ்கட், கோழித்தீன் ஆகியவை முயலின் குடலுக்கு ஒத்துவராதவை. வெங்காயம், உள்ளி, அவகாடோ, தக்காளி இலை, உருளைக்கிழங்கு இலை, மரவள்ளி இலை என்பவற்றை அண்டவே விடக் கூடாது. சொக்லேட் நஞ்சு.

தண்ணீர் நிறையக் குடிக்கும். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 150 மில்லிலீற்றர் வரை தேவை. போத்தல் குழாயை விட, கவிழாத கனமான மண் கிண்ணத்தில் வைத்தால் நன்றாகக் குடிக்கும்.

புதிதாக முயல் வளர்ப்போரைத் திகைக்க வைக்கும் ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். முயல் தன் கழிவில் ஒரு வகையைத் தானே தின்னும். முயலின் புழுக்கை இரண்டு வகைப்படும். உருண்டையாக, காய்ந்ததாக இருப்பது உண்மையான கழிவு. மென்மையாக, சிறு முந்திரிக்குலை போல ஒட்டியிருப்பது குடலின் பெருங்குருட்டுப் பகுதியில் நுண்ணங்கிகளால் நொதிக்கப்பட்டது. அதில் புரதமும் விற்றமின் பி வகைகளும் நிறைந்திருக்கும். அதை முயல் வெளியேறும் இடத்திலேயே வாய் வைத்துத் தின்றுவிடும். இது நோயல்ல, அதன் சமிபாட்டின் இரண்டாம் கட்டம். மாடு அசைபோடுவதை நாம் அருவருப்பதில்லையே.

தங்குமிடமும் தொழுகையிடமும்

முயல் வளர்ப்பதற்கு உம்மா முதலில் சம்மதிக்காததற்குக் காரணம் தொழுகைதான். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி முயலின் சிறுநீரும் புழுக்கையும் நஜீஸ். முஸல்லாவில் ஒரு புழுக்கை கிடந்தால் என்ன செய்வது? உம்மாவின் கேள்வி நியாயமானது.

அதற்கு முயலின் இயல்பிலேயே தீர்வு இருந்தது. முயல் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கும். அந்த மூலையைக் கண்டுபிடித்து, அங்கே ஓர் அகலமான பிளாஸ்டிக் தட்டை வைத்து, அதில் கிழித்த பத்திரிகைத் தாளும் மேலே உலர்புல்லும் இட்டோம். முயல் தின்றுகொண்டே கழிக்கும் பழக்கமுடையது. எனவே புல் இருக்கும் இடத்தையே அது தன் கழிப்பிடமாக ஏற்றுக்கொள்ளும். வேறிடத்தில் விழுந்த புழுக்கையைப் பொறுக்கித் தட்டில் போட்டு வந்தோம். மூன்று வாரத்தில் கருவா பழகிவிட்டாள். தட்டைத் தினமும் மாற்றி, வினாகிரி கலந்த தண்ணீரால் கழுவுகிறோம். தொழும் அறைக்கு அவர்களுக்கு அனுமதியில்லை, வாசலில் ஒரு தடுப்புப் பலகை உண்டு. உதிரும் முடியைப் பற்றியும் உம்மா ஆலிமாவிடம் கேட்டறிந்தார். முயல் உண்ண அனுமதிக்கப்பட்ட பிராணி என்பதால் அதன் முடி சுத்தமானதே.

வீட்டுக்குள் முயல் உலவ வேண்டுமானால் மின்வயர்களை உயர்த்திக் கட்டவேண்டும், அல்லது குழாய்க்குள் மறைக்கவேண்டும். நிலத்துக்கடியில் வாழ்ந்த இனமல்லவா, குறுக்கே வரும் வேரைக் கடித்து வழி திறப்பது அதன் இரத்தத்தில் ஊறியது. வயரும் அதற்கு ஒரு வேர்தான். எங்கள் வீட்டில் இரண்டு சார்ஜர் வயர்களும், எனது உயிரியல் கடந்தகால வினாத்தாள் புத்தகத்தின் 2 வருட வினாக்களும் இவ்வாறு போயின. வினாத்தாளைத் தின்றதற்காகக் கருவாவைக் கோபித்து என்ன பயன்? நிலத்தில் வைத்தது நான்.

முயலின் பாஷை

முயல் பூனைபோலக் கத்தாது, நாய்போலக் குரைக்காது. அதன் உடலே பேசும். பின்காலால் நிலத்தை ஓங்கி அறைந்தால் 'ஆபத்து' என்று பொருள். மகிழ்ச்சி வந்தால் திடீரென அந்தரத்தில் துள்ளி உடலை முறுக்கும். தாடையை மேசைக் காலில் தேய்த்தால் 'இது என்னுடையது' என்று அடையாளமிடுகிறது, அங்கே மணச் சுரப்பி உண்டு. தலையைத் தடவும்போது பற்களை மெல்ல உரசினால் அது இன்பம். தனியே குறுகி உட்கார்ந்து பற்களைச் சத்தமாக நறநறத்தால் அது வேதனை. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கற்றுக்கொள்வது மிக அவசியம்.

முயலுக்குப் பக்கவாட்டிலும் பின்புறமும் நன்றாகத் தெரியும், மூக்குக்கு நேர் முன்னே தெரியாது. எனவே முகத்துக்கு நேராகக் கையை நீட்டாமல் நெற்றிப் பக்கமாகத் தொடவேண்டும். காதைப் பிடித்துத் தூக்குவது கொடுமை. தூக்கவே வேண்டியிருந்தால் ஒரு கை நெஞ்சின் கீழும் மறு கை பின்பகுதியின் கீழும் இருக்கவேண்டும். முயலின் எலும்புகள் இலேசானவை, பின்கால் தசைகளோ பலமானவை. பிடி தளர்ந்து உதறினால் அதன் முதுகெலும்பே முறிந்துவிடலாம். அதனால்தான் சிறுபிள்ளைகள் முயலைத் தூக்க அனுமதிப்பதில்லை. நிலத்தில் அமர்ந்து, அது தானாக வந்து மடியில் ஏறும்வரை காத்திருக்கச் சொல்கிறோம்.

முயல்கள் வைகறையிலும் அந்தியிலும் சுறுசுறுப்பானவை. பஜ்ருக்கு நாம் எழும்பும்போது அவையும் எழும்பியிருக்கும். மஃரிப் பாங்கு கேட்கும் நேரம் வீட்டைச் சுற்றி ஓடும். நண்பகலில் உறங்கும். நமது வீடுகளின் நேர ஒழுங்கோடு இவ்வளவு பொருந்தும் பிராணி வேறில்லை என்பார் வாப்பா.

வெயில்

முயலுக்கு நமது கரையோர வெயில் பெரிய எதிரி. அதற்கு வியர்க்காது. காதுகளின் இரத்தக் குழாய்கள் வழியேதான் பெரும்பாலும் வெப்பத்தை வெளியேற்றும். சூழல் வெப்பம் 28 அல்லது 30 பாகை செல்சியஸைத் தாண்டினால் கவனம் தேவை. தகரக் கூரையின் கீழ் வைத்த கூடு நண்பகலில் அடுப்பாகிவிடும். நாங்கள் சீமெந்துத் தரையில் படுக்க விடுவோம், காதுகளை ஈரத் துணியால் துடைப்போம், உறையவைத்த தண்ணீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றி அருகில் வைப்போம். வாய் திறந்து மூச்சு வாங்கினால் அது வெப்ப அதிர்ச்சியின் அறிகுறி, உடனே மிருக வைத்தியரிடம் போகவேண்டும். குளிப்பாட்டக் கூடாது. முயல் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்.

மிஸ்கீனின் நோய்

மிஸ்கீன் வந்த அன்று அவளால் இரண்டு அடி வைக்க முடியவில்லை. கண்கள் ஊஞ்சல்போல இருபுறமும் ஆடின. மிருக வைத்தியர் முதலில் காதுகளைச் சோதித்தார். முயலுக்குத் தலை சாய்வதற்கு இரண்டு முக்கிய காரணங்கள் உண்டு என விளக்கினார். ஒன்று, நடுக்காதிலோ உட்காதிலோ ஏற்படும் பக்டீரியாத் தொற்று. சமநிலையைக் காக்கும் உறுப்பு உட்காதில் இருப்பதை நாம் உயிரியல் பாடத்தில் படிக்கிறோம். மற்றது, என்செபலிட்டோசூன் குனிகுலி என்ற ஒட்டுண்ணி. இது மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். நோயுற்ற முயலின் சிறுநீரில் வெளியேறும் வித்திகளால் மற்ற முயலுக்குப் பரவும். உடலில் பல காலம் மறைந்திருந்து பின் வெளிப்படவும் கூடும். இரத்தப் பரிசோதனை கூட முயலுக்கு எப்போதாவது தொற்றியதா என்பதைத்தான் காட்டும், இப்போதைய நோய்க்கு இதுவே காரணம் என உறுதி சொல்லாது.

காதில் கோளாறு தென்படாததால் ஒட்டுண்ணிக்கு எதிரான மருந்தை 28 நாட்கள் கொடுக்குமாறு வைத்தியர் சொன்னார். கூடவே ஒரு விடயத்தையும் மறைக்காமல் சொன்னார். "இரண்டு கிழமைக்குள் இது தானாகச் சாப்பிடத் தொடங்காவிட்டால் மீண்டும் வாருங்கள். இதை இப்படி வேதனைப்பட விடலாமா என்று அப்போது பேசுவோம்."

அந்த 2 வாரங்களும் எங்களுக்கு லேசானவையாக இருக்கவில்லை. உருண்டு அடிபடாமலிருக்கப் பெட்டியின் நாற்புறமும் சுருட்டிய துவாய்களை வைத்தோம். சிறுநீரில் நனையும் துணியை நாளுக்கு நான்கைந்து தடவை மாற்றினோம். ஈரமும் அழுக்கும் இருந்தால் ஈ முட்டையிட்டு, ஒரே நாளில் புழு வைத்துவிடும். கீழ்ப்பக்கக் கண் துணியில் உரசிக் காய்ந்துவிடாமல் வைத்தியர் தந்த துளிமருந்து விட்டோம். ஊறவைத்த முயல் தீனைக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் கடைவாய் ஓரமாகச் சிறிது சிறிதாக ஊட்டினோம். ஒவ்வொரு காலையும் சமையலறைத் தராசில் எடை பார்த்துக் கொப்பியில் எழுதினேன். வந்த நாளில் 1.4 கிலோ. ஏழாம் நாள் 1.3.

தொற்று அபாயம் இருந்ததால் கருவாவை வேறு அறையில் வைத்தோம். இந்த ஒட்டுண்ணி மனிதருக்குத் தொற்றுவது அரிது என்றாலும், நோயெதிர்ப்புச் சக்தி குன்றியவர்கள் நோயுற்ற முயலிடமிருந்து விலகியிருப்பது நல்லது. தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுவது எல்லோருக்கும் கட்டாயம்.

அந்நாட்களில் வீட்டுக்கு வந்த சாச்சி நேரடியாகவே கேட்டார்: "மனிசருக்கே மருந்து வாங்க வழியில்லாம இருக்காங்க, நீங்க முசலுக்கு மருந்து வாங்கிறீங்களா?" மருந்துச் செலவு ஒரு முயலின் விலையைப் போலப் பல மடங்கு. அவர் கேட்டதில் பிழை இல்லை. வாப்பா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "கொடுக்க வேண்டியவங்களுக்குக் கொடுக்கிறத நிறுத்திட்டு இதைச் செய்யல்ல. நான் பெட்டில தூக்கிட்டு வந்த நேரமே இது என்ட பொறுப்பாப் போச்சு." தங்கச்சி தன் பெருநாள் காசைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். சாச்சி பிறகு எதுவும் சொல்லவில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியை நான் மறக்கவில்லை. பிராணி வளர்க்கும் ஒவ்வொருவரும் தமக்குள் கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி அது.

பதினொராம் நாள் காலை. கொத்தமல்லிக் கட்டை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு மருந்து எடுக்கத் திரும்பினேன். பின்னால் 'கறுக் கறுக்' என்று சத்தம். சாய்ந்த தலையோடு ஒரு தண்டை இழுத்துத் தின்றுகொண்டிருந்தாள். அன்று எடை கூடவில்லை, ஆனால் குறையவும் இல்லை. 28 நாட்கள் முடிந்தபோது கண் ஆடுவது நின்றிருந்தது. சுழல்வதும் நின்றிருந்தது. தலை மட்டும் நேராகவில்லை. இனி நேராகாது என்றே வைத்தியர் கருதுகிறார். அதனால் அவளுக்கு வேதனையில்லை. இப்போது எடை 1.9 கிலோ. வளைவுகளில் திரும்பும்போது மட்டும் சற்றுத் தடுமாறுவாள்.

12 மணித்தியாலம்

முயல் வளர்ப்போர் மறக்கக் கூடாத எண் 12. ஒரு முயல் 12 மணித்தியாலம் எதுவும் தின்னாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அது அவசர நிலை. குடல் அசைவு நின்று, வாயு சேர்ந்து, விரைவில் உயிர் போகலாம். முயலால் வாந்தியெடுக்கவும் முடியாது. காட்டில் இரையாகும் பிராணியாதலால் நோயை வெளியே காட்டாமல் மறைக்கும். ஆகவே தட்டைப் பார்ப்பதுதான் நாம் செய்யும் முதல் வைத்தியப் பரிசோதனை.

கடந்த றமழானில் ஸஹர் நேரத்தில் மிஸ்கீனின் தட்டைப் பார்த்தேன். இரவு மாற்றிய தாள் அப்படியே இருந்தது. ஒரு புழுக்கை இல்லை. அவள் மூலையில் குறுகி, பல்லை நறநறத்துக்கொண்டிருந்தாள். கொத்தமல்லியை நீட்டியபோது முகத்தைத் திருப்பினாள். ஸஹருக்கு எழும்பும் மாதமாக இல்லாவிட்டால் காலை ஏழு மணிவரை நாங்கள் கவனித்திருக்க மாட்டோம்.

அப்போது பதற்றத்தில் நான் ஒரு பெரிய தவறைச் செய்யப் பார்த்தேன். தங்கச்சியின் காய்ச்சலுக்கு வாங்கி மிச்சமிருந்த அமொக்சிலின் பாணியில் இரண்டு துளி கொடுக்கலாமா என்று போத்தலைக் கையில் எடுத்துவிட்டேன். உம்மா தடுத்து, "டொக்டருக்கிட்டக் கேக்காமக் குடுக்காத" என்றார். பின்னர்தான் தெரிந்துகொண்டேன்: அமொக்சிலின், அம்பிசிலின், கிளிண்டமைசின் போன்ற மருந்துகளை வாய்வழி கொடுத்தால், முயலின் குடலிலுள்ள நல்ல நுண்ணங்கிகள் அழிந்து, நச்சு உண்டாக்கும் பக்டீரியாக்கள் பெருகி, முயல் இறந்துவிடலாம். நாய்களுக்கு உண்ணி தீர்க்கப் பயன்படுத்தும் பிப்ரோனில் மருந்தும் முயலுக்கு நஞ்சு. மனிதருக்கோ நாய்க்கோ நல்லது முயலுக்கும் நல்லதாக இருக்கவேண்டும் என்பதில்லை.

காலையில் வைத்தியர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, தோலின் கீழ் திரவம் ஏற்றி, வலிநிவாரணியும் குடலை அசையச் செய்யும் மருந்தும் கொடுத்தார். அடைப்பு இல்லை என்று உறுதியான பின்பே கரைத்த தீனை ஊட்டச் சொன்னார். வயிறு பறைபோல் இறுகி ஊதியிருந்தால் வைத்தியர் பார்க்கும்முன் பலவந்தமாக ஊட்டக் கூடாது. நோன்போடு நாங்கள் மாறி மாறி மடியில் வைத்து ஊட்டினோம். அஸர் தொழுதுவிட்டு வந்தபோது தட்டில் சிறியதாக, மிளகளவில் ஐந்தாறு புழுக்கைகள். தங்கச்சி மூத்தம்மாவிடம் ஓடிப்போய், "மிஸ்கீன் போட்டுட்டாள்!" என்று கத்தினாள். புழுக்கைக்காக அல்ஹம்துலில்லாஹ் சொன்ன வீடு அன்று எங்கள் வீடாகத்தான் இருக்கும்.

இனப்பெருக்கம் பற்றி ஒரு சொல்

ஆண், பெண் முயல்களைச் சேர்த்து வைத்தால் சுமார் 31 நாளில் குட்டிகள் வரும். ஈன்ற உடனேயே மீண்டும் கருத்தரிக்கவும் கூடும். சில மாதங்களில் வீடு கொள்ளாது. நம் ஊர்களில் முயல்கள் கைவிடப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். எங்களுடையவை இரண்டும் பெண். பெண் முயல்களுக்கு வயது ஏறும்போது கருப்பைப் புற்றுநோய் அடிக்கடி வருவதால், கருப்பையை அகற்றும் சத்திரசிகிச்சை பற்றி வைத்தியரோடும் மார்க்கம் அறிந்தவர்களோடும் வாப்பா பேசி வருகிறார்.

புதிய இரண்டு முயல்களை ஒரே நாளில் சேர்த்து விடக்கூடாது, கடித்துக் குதறிவிடும். மிஸ்கீனின் சிகிச்சை முடிந்து வைத்தியர் அனுமதி தந்த பிறகு, இருவருக்கும் பழக்கமில்லாத விறாந்தையில் தினம் பத்து நிமிடம் என்று தொடங்கி, ஒன்றரை மாதத்தில் ஒன்றுசேர்த்தோம். இப்போது கருவா மிஸ்கீனின் சாய்ந்த பக்கமாக ஒட்டிப் படுப்பாள். தாங்குவதற்காகத்தான் அப்படிப் படுக்கிறாள் என்று தங்கச்சி சொல்வாள். எனக்கு அது தெரியாது. ஆனால் மிஸ்கீன் அப்போது நன்றாக உறங்குகிறாள்.

ஹலாலும் அமானிதமும்

"எப்ப அறுக்கப் போறீங்க?" என்பது வீட்டுக்கு வரும் விருந்தாளிகளின் வழமையான பகிடி. முயல் இறைச்சி ஹலால் என்பதில் ஐயமில்லை. அனஸ் (ரழி) அவர்கள் பிடித்துவந்த முயலின் தொடை நபி (ஸல்) அவர்களுக்கு அனுப்பப்பட்டபோது அவர்கள் ஏற்றுக்கொண்டதாக ஹதீஸில் வருகிறது. எனவே வாப்பாவின் நண்பர் முயல் வளர்ப்பதிலும் தவறு காண நமக்கு இடமில்லை.

ஆனால் பூனையை அடைத்துவைத்து, தானும் உணவளிக்காமல், வெளியே சென்று தேடித் தின்னவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸையும் நாம் அறிவோம். முன்பு அதைக் கேட்கும்போது, அவள் கொடியவள் என்று மட்டும் நினைப்பேன். இப்போது வேறொன்றும் தோன்றுகிறது. அவள் பூனையை அடித்ததாகவோ நஞ்சூட்டியதாகவோ அதில் இல்லை. அடைத்தாள், கவனிக்கவில்லை. அவ்வளவுதான். ஒரு பிராணிக்குக் கதவைச் சாத்திய கணத்தில் அதன் உணவும் தண்ணீரும் வெயிலும் நோயும் நம் கணக்கில் ஏறிவிடுகின்றன. பரீட்சைக் காலத்தில் மறந்துபோகும் தண்ணீர்க் கிண்ணமும், ஆசை தீர்ந்தபின் முற்றத்தின் மூலைக்குத் தள்ளப்படும் கூடும் அந்தக் கணக்கில் அடங்கும்.

ஆகவே அன்புச் சகோதரிகளே, முயல் வளர்க்க விரும்பினால் முதலில் உங்களையே சில கேள்விகள் கேளுங்கள். தினமும் புல் வெட்ட ஆளுண்டா? நண்பகலில் குளிர்ந்த இடம் உண்டா? முயலைப் பார்க்கக்கூடிய மிருக வைத்தியர் எங்கே இருக்கிறார் என்று தெரியுமா? பத்து வருடம் கழித்து அதைக் கவனிக்கப்போவது யார்? இவற்றுக்கெல்லாம் விடை இருந்தால் சந்தையில் குட்டி தேடாதீர்கள். உங்கள் ஊரிலேயே யாரோ ஒருவர் தம் முயலை வேண்டாமென்று வைத்திருப்பார், போய்க் கேளுங்கள். அது அழகாக இல்லாமலும் இருக்கலாம், தலை சாய்ந்தும் இருக்கலாம்.

கட்டாரிலிருந்து அயல்வீட்டுப் பிள்ளை இடைக்கிடை வீடியோ அழைப்பில் வருவாள். "நல்லாப் பார்த்துக்கிறீங்கதானே?" என்று இன்றும் கேட்பாள். பதிலுக்கு நான் கமராவைத் தரையை நோக்கித் திருப்புவேன். அங்கே கருவா நீட்டி நிமிர்ந்து படுத்திருப்பாள். அருகில் மிஸ்கீன், சாய்ந்த தலையோடு புல் அரைத்துக்கொண்டிருப்பாள்.